ஆள் நிற்க இடமில்லாத பாத்தி

அத்தியாயம் பதினாறு

சின்னவளின் ஜன்னலில் கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் செருப்புப் பெட்டி அட்டை ஒட்டியிருந்தது. பெரியவள் அதை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது.

"ஜன்னலுக்குக் கம்பி எப்போ போடறாராம் வீட்டு ஓனர்?"

"அடுத்த மாசம்."

"போன மாசமும் அடுத்த மாசம்னுதானே சொன்னாரு?"

"அவர் காலண்டர்ல இருக்கிறதே அந்த ஒரு மாசம்தான்."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு பிளந்திருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

போன வியாழக்கிழமை அந்தக் கண்ணாடியை உடைத்தவன் அவள் புருஷன். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. அக்கா தங்கை தம்பி மூன்று பேருமே அவனை மீட்டர்காரன் என்றுதான் சொல்வார்கள். சின்னவள் அவனை விட்டு வந்து, தனியாக இந்த வீட்டை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. வந்த மறு மாதமே அவன் கெஞ்சிக் கூத்தாடி வார்டு மாற்றி வாங்கிக்கொண்டான். இந்தத் தெரு இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது.

இந்த வீட்டின் மீட்டர், ஜன்னல் திறக்கிற பக்கச் சந்தின் கடைசியில் இருந்தது. தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. சந்துக்குள் நுழைகிற மீட்டர்காரனைத் தெருவில் யார் கேட்கப் போகிறார்கள்? முதல் தடவை ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினான். இரண்டாம் தடவை அழுதான். மூன்றாம் தடவை, மீட்டர் மூடியைக் கிளப்புகிற இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைத்து, கையை உள்ளே விட்டு, அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து, முகத்தைச் சட்டத்தில் மோதினான்.

டாக்டரிடம் சின்னவள், "விழுந்துட்டேன்" என்றாள். எட்டு வருஷமாக அதையேதான் சொல்கிறாள். பாத்ரூமில் விழுந்தேன், படியில் விழுந்தேன், பஸ்ஸில் விழுந்தேன். பெரியவள் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"எங்கூட வந்து இருடி."

"உன் வீட்டுக்கும்தான் வந்தான். இருபது பூந்தொட்டியை உடைச்சான். மறந்துட்டியா?"

பெரியவள் மறக்கவில்லை. இடுப்பிலிருந்து டேப்பை உருவிச் சந்தை அளந்தாள்.

வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நாலரை அடி. அதில் வீட்டை ஒட்டி இரண்டரை அடி மண். மீதி இரண்டடி சிமெண்ட் நடை. நீளம் இருபத்திரண்டு. உச்சி வேளையில் இரண்டு மணி நேரம் வெயில். மற்ற நேரம் நிழல்.

பெரியவள் நர்சரி வைத்திருப்பவள். இப்படிப்பட்ட ஒடுங்கின பாத்தியோடு வாரத்துக்கு நாலு பேராவது அவளிடம் வருவார்கள். எல்லோருக்கும் மூன்று கேள்விதான் கேட்பாள். வெயில் எவ்வளவு, தண்ணீர் யார் ஊற்றுவார்கள், நாய் உண்டா. இன்று அவள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. இந்தச் செடியை ஒரு ஆள் என்ன செய்ய முடியும்?

கல்வாழை. தண்டு முழுக்கத் தண்ணீர். ஒரு மிதியில் படுத்துவிடும்.

குரோட்டன்ஸ். கிளையைப் பிடித்து இழுத்தால் வேரோடு வரும்.

அரிக்கா பனை. அழகு. ஆனால் அதன் பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம்.

தாழை. இலையின் இரு ஓரமும் ரம்பம். ஆறடி அகலம் கேட்கும். இங்கே அடங்காது.

"டம் கேன் செடி வெச்சா என்னக்கா?" என்றான் தம்பி. மூன்று பேரில் கடைசி. முப்பது வயது. நர்சரியின் குட்டி லாரி அவன் கையில் இருந்தது. "இலை வாயில பட்டா நாக்கு வீங்கிப் பேச்சே வராதாமே."

"அதுக்கு அவன் கடிக்கணுமேடா."

"அவன் கடிக்கிறவன்தான். செடியைக் கடிக்க மாட்டான், அவ்வளவுதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சின்னவள் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் பெரியவள் இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். காம்பவுண்டுச் சுவர் மேல் காகிதப்பூ. நிழலில் அது பூக்காது. முள் மட்டும் நீளும். பாத்தியில் ஆனைக்கற்றாழை.

"எத்தனைக்கா?"

"ஒன்பது."

தம்பி அவளைப் பார்த்தான். ஒரு ஆனைக்கற்றாழைக்கு ஐந்தடி விட வேண்டும். இன்றைய அளவைப் பார்க்காதே, மூன்று வருஷம் கழித்து எவ்வளவு இருக்குமோ அதற்கு இடம் விடு என்று வருகிறவர்களிடம் மூச்சுக்கு முன்னூறு தரம் சொல்கிறவள் அவள். இருபத்திரண்டு அடியில் நாலுதான் அடங்கும்.

"அங்க ஒரு ஆள் நிக்க இடம் இருக்கக் கூடாது," என்றாள்.

"மீட்டரை மறைச்சிடாதக்கா," என்றாள் சின்னவள். "மறைச்சா போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிடுவான். அதுவும் அவன் வேலைதான்."

"அனுப்பட்டும். ஆபீஸ்காரன் வந்து வெட்டறதுக்குள்ள ஜன்னலுக்குக் கம்பி வந்துரும்."

*

நர்சரியில் ஆனைக்கற்றாழைக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. வண்டியில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு இலையின் நுனியையும் கத்தரிக்க வேண்டும். அந்த நுனி விரல் நீளக் கறுப்பு முள். பல வருஷம் முன்னால் ஒரு வாடிக்கைக்காரரின் நாய்க்கு அதில் கண் போனது. அன்றைக்குப் பெரியவள் போட்ட சட்டம். அவசரத்தில் ஒரு நுனியை விட்டுவிட்டால் வேலையாட்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

தம்பி கத்தரியோடு முதல் செடியின் முன்னால் குந்தினான்.

"வேண்டாம்," என்றாள் பெரியவள்.

"என்ன வேண்டாம்?"

"வெட்டாதே. அப்படியே ஏத்து."

அவன் கத்தரியைத் திறந்தபடி வைத்திருந்தான். பிறகு மடக்கிப் பையில் போட்டான். சாக்கைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தூக்கினான். ஐந்தாவது செடி சாக்கைத் துளைத்து அவன் முழங்கையைக் கீறியது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நம்ம ஆளு," என்றான் செடியைத் தட்டி.

காகிதப்பூவை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்தரை மணிக்குப் பாத்தி நிறைந்துவிட்டது. ஒன்பது செடி, இடுப்பு உயரம். இலைகள் பாத்தியைத் தாண்டி, சிமெண்ட் நடையைத் தாண்டி, எதிர்ச் சுவரைத் தொட்டன. பெரியவள் சந்தின் வாயில் நின்று ஒரு கால் எடுத்து வைத்துப் பார்த்தாள். வைக்க முடியவில்லை. மனசு நிறைந்தது.

சின்னவள் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"இது தோட்டமாக்கா, ஜெயிலா?"

"ஜெயில்ல உள்ள இருக்கிறவனால வெளிய வர முடியாது. இதுல வெளிய இருக்கிறவனால உள்ள வர முடியாது."

"ஜன்னலுக்கு நேர் கீழ மட்டும் வேற வையேன். நர்சரியில பாத்தேனே, கிளிமூக்கு மாதிரி சிவப்பா, கொத்தா."

"ஹெலிகோனியாவா? அது வாழை ஜாதிடி. மெத்து மெத்துன்னு இருக்கும். அதுல எவன் வேணா ஏறி நிப்பான்."

"ரெண்டே ரெண்டு வை. போதும்."

"பூ பாக்கிற நேரமாடி இது?"

சின்னவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். தையல் பிரிந்தால் வாய் திறக்காமல் மறுபடி ஊசி கோர்க்கிற ஜாதி. ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

அந்த மௌனம் பெரியவளைக் குத்தியது. இவள் தன்னிடம் எதையாவது கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது?

"டேய், வண்டியை எடு. ரெண்டு ஹெலிகோனியா கொண்டாந்துருவோம். நடுவுல இருக்கிறதைப் பிடுங்கிட்டு வெப்போம். கதவைத் தாள் போட்டுக்கடி, ஒரு மணி நேரத்துல வந்துருவோம்."

*

வந்தபோது பதினொன்றே முக்கால். தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. கதவு பிளக்கிற சத்தம்.

வண்டி நிற்பதற்குள் பெரியவள் குதித்தாள். வாசல் கதவு ஒரு கீலில் தொங்கியது. உள்ளே ஏதோ உருண்டது. மீட்டர்காரனின் குரல் கேட்டது. "எனக்கே முள்ளு வெக்கிறியாடி? எனக்கேவா?"

சின்னவளின் குரல் கேட்கவில்லை.

பெரியவள் சந்தைப் பார்த்தாள். ஜன்னலில் அட்டை இல்லை. சட்டத்துக்கு வெளியே ஒரு கால் வந்தது. பிறகு இன்னொரு கால். சின்னவள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி உள்ளே பார்த்தாள்.

"குதிக்காதே!" என்று பெரியவள் கத்தினாள். "கீழ செடி! குதிக்காதேடி!"

அறைக் கதவு சுவரில் மோதியது. சின்னவள் குதித்தாள்.

காலில் புடவை சிக்கியது. நேர் கீழே இருந்த செடியைத் தாண்டினாள். அடுத்த செடியின் மேல் முகம் போய் விழுந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரச் சாக்கு விழுகிற சத்தம்.

அதற்குப் பிறகுதான் ஜன்னலில் மீட்டர்காரனின் கை வந்தது. பெரியவள் அதைக் கண்ணால் பார்த்தாள். முதலில் அவள் விழுந்தாள். பிறகு அந்தக் கை வந்தது. கையில் இரும்புக் கம்பி இருந்தது. அவன் கீழே எட்டிப் பார்த்து, "ஐயோ" என்றான்.

பெரியவள் சந்துக்குள் ஓடினாள். ஓட முடியவில்லை. முதல் செடி தொடையில் குத்தியது. இரண்டாவது செடி புடவையைப் பிடித்துக்கொண்டது. இழுத்துக் கிழித்துக்கொண்டு போனாள். மூன்றாவதில் கை, நான்காவதில் வயிறு. ஒவ்வொரு செடியும் அவள் காலையில் தன் கையால் குழி தோண்டி வைத்த செடி. ஜன்னல் வரை பத்தடி. பாதாளம் வரை போகிற மாதிரி இருந்தது.

சின்னவள் எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, ஒரு கறுப்பு முள் ஒடிந்து நின்றது.

"அசையாதே."

"அக்கா, அவன் வர்றானா பாரு."

"அசையாதேன்னு சொல்றேன்ல."

பெரியவள் இரண்டு விரலால் முள்ளைப் பிடித்தாள். வழுக்கியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, ஒரே இழுப்பில் உருவினாள். ரத்தம் அவள் மணிக்கட்டு வரை வந்தது. சின்னவள் கத்தவில்லை. அக்காவின் தோளைக் கடித்தாள்.

ஜன்னலுக்கு உள்ளே தம்பியின் குரல் கேட்டது.

"வாங்க மாமா."

அவன் வாசல் வழியாகப் போயிருந்தான். லாரியில் கிடந்த மண்வெட்டியோடு.

"டேய், நான் ஒண்ணும் பண்ணலடா, அவளாத்தான்..."

"தெரியும் மாமா. எப்பவும் அவளாத்தான் விழுவா."

மண்வெட்டிப் பிடி இறங்கியது. எலும்பு ஒடிகிற சத்தம் வெளியே வரை கேட்டது. மீட்டர்காரன் வீறிட்டான்.

"எழுந்திருங்க மாமா. பாத்ரூம்ல வழுக்கிட்டீங்களா?"

இரண்டாவது அடி.

"படியில உருண்டீங்களா மாமா?"

மூன்றாவது அடி.

"போதும்டா!" என்று பெரியவள் கத்தினாள். "இவளைத் தூக்கணும், வாடா!"

நான்காவது அடி விழவில்லை. தம்பி ஜன்னலில் தெரிந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

*

தையல் பதினொன்று. கண்ணைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். "கூர்மையா, மெல்லிசா ஏதோ ஆழமாப் போயிருக்கு. என்னது அது?"

முள் பெரியவளின் முந்தானை முடிச்சில் இருந்தது. அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். போலீஸிலிருந்து வந்த ஏட்டம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். சின்னவள் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும். எட்டு வருஷமாகக் கேட்ட வார்த்தை. இன்று ஒரு நாள்தான் அது உண்மை.

"அவன் குத்தினான்," என்றாள் சின்னவள்.

பெரியவள் நிமிர்ந்தாள்.

"எதால?"

"மீட்டர் மூடி திறக்கிற கம்பி. பையில வெச்சிருப்பான். அதால குத்தினான். தப்பிச்சு ஜன்னல் வழியா விழுந்தேன்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கட்டுக்கு வெளியே இருந்த ஒற்றைக் கண் அக்காவையே பார்த்தது.

ஏட்டம்மா பெரியவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உங்க தம்பி அந்த ஆளோட கையை ரெண்டு இடத்துல உடைச்சிருக்காரு. விலாவுலயும் ரெண்டு. அவன் உங்க தங்கச்சியைக் குத்தினான், இவரு காப்பாத்தப் போனாருன்னா அது ஒரு கேஸ். அவன் குத்தலைன்னா, ஒரு அரசாங்க ஊழியரை வேலை நேரத்துல மண்வெட்டியால அடிச்சது. அது வேற கேஸ். உங்க தம்பி அஞ்சாறு வருஷம் உள்ள இருப்பாரு. நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"குத்தினதைப் பாத்தீங்களா?"

அந்தக் கை பெரியவளுக்குத் தெரிந்தது. முதலில் அவள் விழுந்தாள். பிறகு அந்தக் கை வந்தது.

"பாத்தேன்."

"அவன் வேற மாதிரி சொல்றான். செடி செடின்னு கத்திக்கிட்டே இருக்கான். கற்றாழை முள்ளு குத்திடுச்சாம்."

"நான் இருபது வருஷமா நர்சரி நடத்தறேங்க. நுனி வெட்டாம ஒரு கற்றாழை என் கையை விட்டுப் போனதில்ல. யாரை வேணா கேட்டுப் பாருங்க."

யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் அவள் குரலும் நடுங்கவில்லை.

ஏட்டம்மா எழுதிக்கொண்டார். "நாளைக்குக் காலையில வந்து இடத்தைப் பாக்கறோம். எதையும் தொடாதீங்க."

பெரியவள் உள்ளே போனாள். சின்னவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மன்னிச்சிருடி. நீ பூவுக்குக் கேக்கறேன்னு நெனச்சேன்."

"பூவுக்கு இல்லக்கா." சின்னவள் மெதுவாகப் பேசினாள். பேசினால் தையல் இழுத்தது. "எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கேர்ந்து குதிக்கலாம்னுதான் முதல்ல பாப்பேன். இந்த வீட்டுல அந்த ஜன்னல்தான். கம்பி இல்லைன்னுதான் இந்த வீட்டையே எடுத்தேன்."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"எதை? ஓடறதுக்கு இடம் பாத்து வெச்சிருக்கேன்னா?"

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசிப் புள்ளிகள் நிறைந்த கை.

"போக்கா," என்றாள் சின்னவள். "வெளிச்சம் இருக்கும்போதே போ. கத்தரி எடுத்துக்கிட்டுப் போ."

*

நாலரை மணி. சந்தில் நிழல் விழுந்திருந்தது. தெருவில் யாரும் இல்லை. தம்பியை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள்.

பெரியவள் குந்தி, முதல் செடியின் முதல் நுனியை வெட்டினாள். டக். அடுத்தது. டக். நர்சரியில் வெட்டுகிற அதே சாய்வு. வெட்டின வாய் வெளுப்பாக இருந்தது. விரலில் மண்ணைத் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் தேய்த்தாள். காலையிலேயே வெட்டினது போலத் தெரிந்தது. முட்களைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு செடிக்கு இருபது இருபத்தைந்து இலை. தொடைக் காயம் திறந்துகொண்டது. அவள் நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு அருகே ஒரு செடியில் ஒரு இலை மட்டும் முள் இல்லாமல் இருந்தது. அதில் ரத்தம் காய்ந்திருந்தது. இலையை அடியோடு அறுத்து மடித்துப் பைக்குள் திணித்தாள். மறுபடி குந்தினாள். ஆறு செடி முடிந்தது. இன்னும் மூன்று.

வெட்டிய செடிகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம் என்று சந்தின் வாய்க்கு வந்தாள். காம்பவுண்டுச் சுவர்மேல் கை ஊன்றினாள். கை எதன் மேலோ பட்டது.

கறுப்பு வாருடன் ஒரு கருவி. உள்ளங்கை அகலம். தண்ணீர் வாரியத்தின் முத்திரை அதன் முதுகில் இருந்தது. மீட்டர் கணக்கைப் பதிகிற, படம் எடுத்து அனுப்புகிற மீட்டர்காரனின் கருவி. கதவை உடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் தொட்டதும் திரை வெளிச்சமானது.

அதில் ஒரு படம். சந்து. உச்சி வெயில். ஒன்பது கற்றாழை. ஒவ்வொரு இலையின் நுனியிலும் விரல் நீளக் கறுப்பு முள். வெயில் பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு.

படத்துக்குக் கீழே நேரம் இருந்தது. பதினொன்று இருபது. அதற்குக் கீழே, பச்சை எழுத்தில்: அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது.

கத்தரி அவள் கையிலேயே இருந்தது.

மீட்டர் பார்க்க முடியாததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம். அதில் மீட்டர்காரன் ஒரே ஒரு சொல் அடித்திருந்தான்.

செடி.